பாப்பா முதலாளி

ஐயா, வணக்கம்.

சிலாங்கூர் பந்திங்கில் அப்பா நடத்திய லோரி நிறுவனத்தை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். சிறுதோட்டக்காரர்களிடம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றி மில்லில் இறக்குகிற வேலை. ஆறு லோரி, பதினொரு ஆட்கள். பாதிப் பேர் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கியவர்கள். மூத்த டிரைவர் மில் ஆட்கள் முன்னாலேயே என்னைப் 'பாப்பா' என்கிறார். முதல் வருடம் சிரித்துப் பழகினேன், தலைக்கு மேல் ஏறிவிட்டார்கள். இந்த வருடம் கண்டிப்பாக இருக்கிறேன். சத்தம் போட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், அப்புறம் ஷெட்டுக்குப் போய்ச் சிரிக்கிறார்கள். மில் பணம் தாமதமானால் சம்பளம் பத்து, பன்னிரண்டு தேதி ஆகிவிடும், மற்றபடி நான் ஒரு குறையும் வைத்ததில்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் ஹேம்பர் கொடுத்தேன். இவர்கள் என்னை மதிக்க நான் என்ன செய்ய வேண்டும்? 'மேடம்' என்று கூப்பிடச் சொல்லலாமா?

பெயர் வேண்டாம், ஐயா.

அன்புள்ள தங்கைக்கு,

'மேடம்' விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சொல்லாதீர்கள். சொன்னால் கூப்பிடுவார்கள், ஆனால் அவர்கள் கூப்பிடுகிற ராகத்தைக் கேட்டால் 'பாப்பா'வே தேவலை என்று இருக்கும்.

உங்கள் வட்டாரத்துக் கதைதான் ஒன்று. 1941-இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலியை உயர்த்து, அடிக்கிற துரைகளை மாற்று, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்று நம் ஆட்கள் வைத்த கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ தோட்டத்துக் கணக்கர் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கூலிக்குச் சமமாக இதையும் கேட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள். அதுவரை தினமும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்களைப் பார்த்து, ஆட்கள் நம்மை மதிக்கிறார்கள் என்றுதான் துரைமார் நம்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் எனக்கு உறுத்தியது பாப்பாவும் இல்லை, ஷெட்டுச் சிரிப்பும் இல்லை. 'பத்து, பன்னிரண்டு தேதி ஆகிவிடும், மற்றபடி' என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பாதி வரி. தங்கச்சி, அந்த 'மற்றபடி' எனக்குப் புரியவில்லை. மலேசியாவின் 1955-ஆம் வருட வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போயிருக்க வேண்டும். மில் எப்போது பணம் போடுகிறது என்பது உங்களுக்கும் மில்லுக்கும் உள்ள கணக்கு. அது தாமதமாகிற மாதமெல்லாம் நீங்கள் பதினொரு பேரிடமும் கேட்காமலே கைமாற்று வாங்குகிறீர்கள், வட்டியில்லாமல்.

எட்டாம் தேதி உங்கள் டிரைவர் என்ன செய்வார்? மோட்டார் சைக்கிள் தவணை ஒருநாள் தள்ளிப்போகும். மளிகைக் கடையில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வார். கடைக்காரர் சும்மா இருப்பாரா, "ஏன், இன்னும் சம்பளம் போடலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். உங்களுக்காக அங்கே நின்று பதில் சொல்கிறவர் அந்த மனிதர். ஷெட்டில் கேட்கிற சிரிப்புக்கு ஒரு பங்கு அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஹேம்பரில் இருந்த பிஸ்கட் டின் அதற்கு ஈடாகாது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். பள்ளி விடுமுறையில் அவரோடு ஸ்டோருக்குப் போவேன். வாளிகளை இறக்கி வைத்து வரிசையில் நிற்பார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த கிராணி சிரித்து நான் பார்த்ததில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார், கெஞ்சினாலும் நடக்காது. ஆனால் பாலை நிறுக்கும்போது எடையை உரக்கச் சொல்வார், எழுதிய புத்தகத்தை அப்பா பக்கம் திருப்பிக் காட்டுவார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பாலின் அடர்த்தியைக் காட்டுகிற மெட்ரோலக் கருவியை இரண்டாம் தடவை விட்டு, "நீயே பாரு" என்பார். (சிலர் கலந்ததும் உண்டு. அதையும் சொல்லத்தானே வேண்டும்.)

அவருக்குப் பின் வந்தவர் நல்ல சிரித்த முகம். தோளில் கை போட்டு, "பையன் எத்தனாவது படிக்கிறான்?" என்பார். எழுதும்போது மட்டும் இடது கையால் புத்தகத்தை மறைத்துக்கொள்வார். அவர் வந்த மாதத்திலிருந்து அப்பா எங்கள் லயத்து வீட்டுச் சுவரில், சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில், கரித்துண்டால் தினமும் எடையைக் குறித்துவைக்க ஆரம்பித்தார். பழைய கிராணி இருந்தவரை அந்தச் சுவரில் ஒரு கோடு கிடையாது. பழையவர் தோட்டத்தை விட்டுப் போன நாளில் அவர் சாமானோடு லோரியில் ஏறி, டவுன் வீட்டில் இறக்கிவைத்துவிட்டு வந்தவர்கள் எங்கள் லயத்து ஆட்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே சிரிப்பதா, கண்டிப்பாக இருப்பதா என்று ரொம்ப யோசிக்காதீர்கள். எத்தனை டிரிப், எவ்வளவு அட்வான்ஸ், எதற்குப் பிடித்தம் என்பதைச் சம்பளச் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஊழியர் சேமநிதிக்கு உள்ளூர் ஆட்கள் சம்பளத்தில் 11 சதவீதம் பிடிக்கிறீர்கள், மாதச் சம்பளம் ஐயாயிரம் வெள்ளி வரைக்கும் உங்கள் பங்கு 13 சதவீதம். அது ஏறியதா என்று இப்போது கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். அதுதான் இன்றைய கரிக்கோடு. வங்காளதேச ஆட்கள் இருந்தால், அவர்கள் பாஸ்போர்ட் உங்கள் பீரோவில் இருக்கக் கூடாது. 'தொலைத்துவிடுவார்கள், அதனால் வைத்திருக்கிறேன்' என்று நம் முதலாளிகள் சொல்வது எனக்கும் தெரியும். 1966-ஆம் வருடக் கடப்பிதழ்ச் சட்டத்தில் அது குற்றம்.

சத்தம் போடுவதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் சின்ன அச்சகம் வைத்திருந்தபோது, அச்சுக் கோக்கிற பையனை ஒரு வாடிக்கையாளர் முன்னால் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். எழுத்துப் பிழை ஒன்றுக்காக. அதன் பிறகு அவன் எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கும் பெருமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்து ஐந்நூறு கல்யாணப் பத்திரிகை அடித்து முடித்தோம். தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை. கொடுத்த காகிதத்திலேயே தப்பு, எழுதியது நான். "நீ பார்க்கவே இல்லையாடா?" என்றேன். "பார்த்தேன் ஐயா. நீங்க எழுதுனதாச்சேன்னு விட்டுட்டேன்" என்றான். ஐந்நூறையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தேன்.

உங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது. உங்களுடையது லோரித் தொழில். பிரேக் இழுக்கிறது, டயர் தேய்ந்துவிட்டது, நேற்று வெட்டிய குலை இன்னும் ஏற்றாமல் கிடக்கிறது, எண்ணெய்த் தரம் கெடும் என்று ஒருவர் உங்களிடம் வந்து சொல்லவில்லை என்றால் நஷ்டம் அவருக்கு இல்லை.

மூத்த டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். பெயரைப் பற்றிப் பேச வேண்டாம். சம்பளம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேளுங்கள். எத்தனாம் தேதி தருவீர்கள் என்று சொல்லுங்கள், அதை அவரே மற்றவர்களிடம் சொல்லட்டும். ஒரு மாதச் சம்பளப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, வீடே தீப்பிடித்தாலும் அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தால் வாங்குங்கள். ஆட்களிடம் வாங்காதீர்கள்.

அடுத்த மூன்று மாதமும் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.