ஆசிய-பசிபிக் சாரணர் மண்டலம் எப்படி இயங்குகிறது? நம் தேசியச் சங்கத்துக்கு அதுதான் மேலதிகாரியா?

மேலதிகாரி இல்லை. பல வருடம் சாரண ஆசிரியராக இருந்தும் நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருமுறை மண்டல மாநாட்டில் பார்வையாளனாக உட்கார்ந்த பிறகுதான் தெளிந்தது.

அரங்கில் நாட்டுக்கொரு மேசை, அதன் மேல் சின்னக் கொடி. உலகிலேயே பெரிய சாரணர் இயக்கம் இந்தோனேசியாவின் பிரமுகா. அதற்கும் ஆறு வாக்கு, குட்டி மாலத்தீவுக்கும் ஆறு வாக்கு. ஒரு மேசையில் இரண்டே பேர் இருந்தார்கள். ஒரு தீர்மானத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி அரைமணி நேரம் வாதாடினார்கள். அரங்கமே பொறுமையாகக் கேட்டது. அந்தக் காட்சி இன்னும் என் மனதில் இருக்கிறது.

1956-இல் தூரக்கிழக்கு மண்டலம் என்ற பெயரில் தொடங்கியது இந்த மண்டலம். அலுவலகம் மணிலாவில். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடுதான் கொள்கையை முடிவு செய்கிறது. அதில் தேர்வாகும் மண்டலக் குழுவினருக்குப் பதவிக்காலம் ஆறு ஆண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை பாதிப்பேர் விலகிப் புதியவர்கள் வருவதால், பழைய அனுபவமும் கைவிட்டுப் போவதில்லை. மாநாட்டுக்கு முன்பே இளைஞர் மன்றம் கூடித் தங்கள் பரிந்துரைகளை அனுப்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். அன்றாட வேலையைப் பார்ப்பது சம்பளம் வாங்கும் அலுவலர்கள். ஆனால் அந்த அலுவலகம் உலகச் சாரணர் செயலகத்தின் கிளை; மண்டல இயக்குநரை நியமிப்பவரும் உலகப் பொதுச்செயலாளர்தான். ஆக, குழு கேட்கும் வேலையையும் செய்ய வேண்டும், உலகச் செயலகத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இந்த இரட்டைப் பொறுப்பைச் சமாளிப்பதில்தான் ஒரு மண்டல இயக்குநரின் திறமையே தெரியும்.

உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று தேசியச் சங்கம் உலக அமைப்புக்குக் கட்டணம் கட்டுகிறது. எல்லா நாட்டுக்கும் ஒரே தொகை கிடையாது. நாட்டின் தலா வருமானத்தைப் பார்த்து விகிதம் மாறும். மண்டலத்தின் பங்கு பயிற்சி, பட்டறை, பாடத்திட்ட ஆலோசனை. ஒரு பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்த அணித் தலைவர் பயிற்சி முறையை எங்கள் பயிற்சிக் குழு விவாதித்துத்தான் ஏற்றது. அதில் பாதியைத் தள்ளியும் விட்டது. மண்டலத்திலிருந்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பலர் குழம்பும் இடம் இன்னொன்று உண்டு. நம் தேசியச் சங்கமான பாரத சாரண சாரணியர் இயக்கம் இரண்டு உலக அமைப்புகளில் உறுப்பினர்: ஒன்று சாரணர்களுடையது, மற்றொன்று சாரணியர்களுடையது. சாரணியர் உலகச் சங்கத்துக்குத் தனியாக ஓர் ஆசிய-பசிபிக் மண்டலம் இருக்கிறது. கடிதம் போடும்முன் எந்த மண்டலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படையின் பதிவிலோ சான்றிதழிலோ சிக்கல் என்றால் மணிலாவுக்கு எழுத வேண்டாம். அதைத் தீர்க்க வேண்டியவர் மாவட்ட ஆணையர். அவரிடம் நடக்கவில்லை என்றால் மாநிலத் தலைமையகம்.