ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை பாஸ் செய்துவிட்டு ஜெர்மனிக்கு நர்ஸாக வந்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் மாஸ்க் போட்டுப் பேசுவது மட்டும் ஏன் புரியவில்லை?

வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். காது டெஸ்டுக்கு ஓடாதீர்கள். உங்கள் பி2-விலும் குறை இல்லை.

நான் மதுரையில் பல வருடம் ஸ்க்ரப் நர்ஸாக, அதாவது ஆபரேஷனில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவளாக இருந்தவள். அங்கேயும் மாஸ்க்தான். ஆனால் டாக்டர் பாதி வார்த்தை சொல்வதற்குள் என் கை ட்ரேக்குப் போய்விடும். மீதியை மனசே நிரப்பிக்கொள்ளும். ஜெர்மனில் அப்படி நிரப்ப நமக்குக் கையிருப்பு போதாது. காதில் விழுவதையும் உதட்டில் தெரிவதையும் வைத்துத்தான் சமாளிக்கிறோம்.

என்னைப் படுத்தி எடுத்தது தையல் நூல். நூலின் தடிமனை நாம் டூ-ஜீரோ, த்ரீ-ஜீரோ என்பதை ஜெர்மன்காரர்கள் ‘ட்ஸ்வை நுல்’, ‘ட்ரை நுல்’ என்பார்கள். மாஸ்க் அமுக்குவது ஸ, ஃப, ஷ மாதிரியான கூர்மையான ஒலிகளைத்தான். பக்கத்தில் சக்‌ஷன் (ரத்தத்தை உறிஞ்சும் மெஷின்) வேறு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுமே ‘ஐ நுல்’ என்றுதான் வந்து சேரும். ஒரு தடவை சீனியர் சர்ஜன் கையை நீட்டியபடி நிற்கிறார். திரும்பக் கேட்டேன். அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். (கத்தினால் மாஸ்க் விலகிவிடுமா என்ன?) எதிரே நின்ற ஜெர்மன் நர்ஸ் ‘ட்ஸ்வோ!’ என்றாள். சட்டென்று டூ-ஜீரோவை எடுத்துக் கொடுத்தேன். போனில் இரண்டும் மூன்றும் குழம்பாமலிருக்க இவர்களே ‘ட்ஸ்வை’யை ‘ட்ஸ்வோ’ என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எந்த மூலைக்கு? இப்போதெல்லாம் எந்த எண்ணையும் ‘ட்ஸ்வோ நுல்?’ என்று வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பரீட்சையில் மட்டும் முகத்தைப் பார்த்தா எழுதினாய் என்று கமெண்டில் யாராவது வருவார்கள். ஐயா, அது அமைதியான அறையில் சுத்தமாகப் பதிந்த ஆடியோ. இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரிய, பேசுபவர் முகம் எவ்வளவு உதவுகிறது என்று 1954-லேயே சம்பி, பொல்லாக் என்ற இரண்டு பேர் சோதித்துக் காட்டிவிட்டார்கள். மாஸ்க்கே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தியேட்டரில் நிற்பவள் அப்படிச் சொல்வேனா?

என்னை அனுப்பிய ஏஜென்சி கோச்சிங்கில் இதையெல்லாம் சொல்லவே இல்லை. சரி, அதை விடுங்கள். நம் நர்ஸிங் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் கைக்கு வரும்வரை உதவியாளர் சம்பளம்தான் என்பதையாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியதுதான் மிச்சம். உங்கள் ஒப்பந்தத்தில் சம்பளம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் எடுத்துப் பாருங்கள்.