வாசகர் கேள்வி: தண்ணீரை விட்டு எழும் விமானம்

கேள்வி: ‘போர்கோ ரோஸ்ஸோ’ என்ற ஜப்பானிய அசைபடத்தில் பன்றி முகம் கொண்ட விமானி ஓட்டும் சிவப்பு விமானம் உண்மையிலேயே இருந்ததா?
— வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: பெயர் இருந்தது; உருவம் வேறு. ஹயாவோ மியாசாகி இயக்கி 1992-இல் வெளிவந்த அப்படத்தில் அந்த விமானம் ‘சவோயா எஸ்.21’ எனப்படுகிறது. அந்தப் பெயரில் இத்தாலியில் 1921-ஆம் ஆண்டு வாக்கில், தண்ணீரில் இறங்கி ஏறும் ஒரு பந்தய விமானம் செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் அது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்டது. படத்தில் இருப்பதோ ஒற்றை இறக்கையும், அதற்கு மேலே கால் நாட்டி நிறுத்திய என்ஜினும் உடையது. இந்த அமைப்பு, 1925-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த, இவ்வகை நீர்விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த ‘மக்கி எம்.33’ விமானத்தை ஒத்திருக்கிறது. அப்பந்தயத்தில் மணிக்கு ஏறத்தாழ 374 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வென்றது ஜிம்மி டூலிட்டில் ஓட்டிய கர்ட்டிஸ் விமானம். படத்தில் நாயகனோடு மோதும் அமெரிக்கனின் பெயரும் கர்ட்டிஸ்தான். தோற்ற விமானத்தின் சாயலை நாயகனுக்குக் கொடுத்த குறும்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: அந்தப் படத்தைப் பார்த்த நாள் முதலாக என் எட்டு வயது மகன், அப்படியொரு விமானம் நம் மணிமுத்தாறு அணையில் இறங்கி ஏறுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன சொல்வது?
— வாசகி ஒருவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இறங்குவதைக் காட்டிலும் ஏறுவதுதான் பெரும்பாடு என்று சொல்லுங்கள். துலக்கிய தாம்பாளத்தை ஈரத்தோடு சிமெண்டுத் தரையில் வைத்து, அவனை நேராகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தரை அதை விடாது. ஓரத்தில் விரலை நுழைத்துச் சற்றே நெம்பினால், காற்று உள்ளே புகுந்ததும் தாம்பாளம் கையோடு வந்துவிடும். தண்ணீரும் விமானத்தின் அடிப்பாகத்தை அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் இவ்வகை விமானங்களின் அடிப்பாகத்தை நீளவாக்கில் ஒரே வழவழப்பாக விடாமல், நடுவில் ஒரு படிபோல் வெட்டி வைத்திருப்பார்கள். வேகம் கூடும்போது அந்தப் படியின் பின்னால் காற்று புகுந்து தண்ணீரின் பிடி தளர, விமானம் ஆற்றில் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போல நீர்ப்பரப்பின்மேல் வழுக்கி ஓடி, பிறகு எழும். கண்ணாடிபோல் அசையாத தண்ணீரைவிடச் சிற்றலை உள்ள தண்ணீரே ஏறுவதற்கு வசதியானது; அலை தானே இடையில் காற்றைக் கொண்டுவந்து தருகிறது. அசையாத தண்ணீரில் இறங்குவதும் ஆபத்துதான்; நீர்ப்பரப்பு எத்தனை அடி கீழே இருக்கிறது என்பது விமானியின் கண்ணுக்குப் பிடிபடாது.

இனி மணிமுத்தாறு. விமானம் காற்றை எதிர்த்து ஓடித்தான் எழ வேண்டும். ஆடி மாதத்தில் நமக்குக் காற்று மலைப்பக்கமிருந்து வருகிறது. ஆகவே விமானி மலையைப் பார்த்தே ஓட்டியாக வேண்டும். எழுந்த கையோடு எதிரே மலை நிற்க, அதன் சரிவில் இறங்கிவரும் காற்றும் விமானத்தைக் கீழே அமுக்கும். மிலான் நகரத்துக் குறுகிய கால்வாயிலிருந்தே எழுந்துவிடுகிற அந்தப் பன்றி விமானிகூட, இங்கே ஆடி கழியட்டும் என்று காத்திருப்பார்.

கேள்வி: படத்தைத் தயாரித்த நிறுவனத்தை ‘கிப்லி’ என்பதா, ‘ஜிப்லி’ என்பதா?
— வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: ஜப்பானியர் ‘ஜிபுரி’ என்கிறார்கள்; இத்தாலிய உச்சரிப்பின்படி ‘கிப்லி’யே சரி. சகாராப் பாலைவனத்தின் வெப்பக்காற்றுக்கு லிபியாவில் வழங்கும் பெயர் அது. நம் கடற்கரையில் மேல்காற்றைக் ‘கச்சான்’ என்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் கப்ரோனி நிறுவனம் தன் வேவு விமானம் ஒன்றுக்கு அந்தக் காற்றின் பெயரைச் சூட்டியது. விமானப் பித்தரான மியாசாகி அங்கிருந்து எடுத்துத் தம் நிறுவனத்துக்கு வைத்தார். பெயரை வைத்தவர்களே ‘ஜி’ என்று சொல்லும்போது நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்.