‘ஒரிஜினல்’ வேதாளம் 4,500 ரூபாயா?

கேள்வி: ‘அம்புலிமாமா 1962, ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமனும் வேதாளமும், ஒரிஜினல்’ என்று ஆன்லைனில் ஒருவர் ஃப்ரேம் போட்டு விற்கிறார். ஏ3 அளவு, விலை 4,500 ரூபாய். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்க ஆசை. வாங்கலாமா?

பதில்: ஏ3 என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. அம்புலிமாமா கையடக்கமான பத்திரிகை. அதில் அவ்வளவு பெரிய பக்கமே கிடையாது. இதழை ஸ்கேன் செய்து பெரிதாக்கிய புது பிரிண்டாகத்தான் இருக்கும். சங்கர் கைப்படத் தீட்டிய மூல ஓவியம் என்று சொன்னால், அது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

‘ஒரிஜினல்’ என்பதை விற்பவர்கள் இஷ்டத்துக்கு நீட்டுகிறார்கள். பழைய இதழில் கிழித்த தாளும் அவர்களுக்கு ஒரிஜினல்தான். அப்படிச் சொன்னால் ஃப்ரேமைக் கழற்றிப் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்பக்கத் தாள் என்றால் மறுபக்கம் கதை ஓட வேண்டும். அந்தக் கதையில் ‘தலை’, ‘யானை’ மாதிரி ஒரு சொல்லைத் தேடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, னை எல்லாம் முன்னால் ‘ை’ இல்லாமல், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். 1962 தாளில் இன்றைய ‘லை’ இருந்தால் விலையே பேச வேண்டாம். வண்ணப் படத்தை லென்ஸில் பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும், அது அச்சு. கையால் தீட்டியதில் தூரிகை ஓடிய தடம்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், கிழித்த தாளையும் வாங்காதீர்கள். ஒரு படத்துக்காக முழு இதழையே கூறுபோடுகிறவர்களுக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஒரு முழு இதழாகத் தேடுங்கள். சங்கரோடு மற்ற அம்புலிமாமா ஓவியர்களான சித்ராவும், அட்டையில் வட்டாதி பாபையாவும் சேர்ந்து கிடைக்கலாம். பின் அட்டையும் நடுப்பக்கமும் இருக்கிறதா, ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளை அரித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படம் போதும் என்றால் ‘சந்தமாமா’ என்ற பெயரில் வந்த தெலுங்கு, இந்தி இதழ்களிலும் அதே படங்கள்தான். ஆனால் அப்பா படிக்க வேண்டுமே!

புது பிரிண்டே போதும் என்றாலும் சரி, உரிமம் வாங்கி அச்சிட்டதா என்று கேளுங்கள். சங்கர் காலமானது 2020இல். படைத்தவர் மறைந்து 60 ஆண்டுவரை நம் நாட்டில் பதிப்புரிமை உண்டு. பில்லில் ‘மறுஅச்சு’ அல்லது ‘மூலம்’ என்று எழுதி வாங்குங்கள். வேறு பொருள் வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்த ஒரு சொல்தான் கைகொடுக்கும்.