வங்கி வேலை நாள் கணக்கு எக்செலில் ஏன் தப்புகிறது?

வங்கி அறிக்கையில் “எத்தனை வேலை நாளில் முடிந்தது” என்ற எண்ணிக்கை மட்டும் ஏன் தவறாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரு தேதிகளுக்கிடையே உள்ள வேலை நாள்களை எண்ண நீங்கள் எக்செலில் பயன்படுத்தும் நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) சூத்திரம் எல்லாச் சனிக்கிழமையையும் விடுமுறையாகவே கழித்துவிடும். இந்தியாவிலோ 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மட்டுமே வங்கிகளுக்கு விடுமுறை.

2024 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகைகளைச் சேர்க்காமலே அந்தச் சூத்திரம் 23 என்று சொல்லும். சரியான விடை 25. மாற்றாக, நெட்வொர்க்டேஸ்.இன்டில் (NETWORKDAYS.INTL) சூத்திரத்தில் வார விடுமுறைக்கு 11 என்று கொடுங்கள்; ஞாயிறு மட்டும் கழியும். 13, 27 ஆகிய இரு சனிக்கிழமைகளையும் விடுமுறைப் பட்டியலில் தேதிகளாகவே எழுதிவிடுங்கள். கொஞ்சம் முரட்டு வழிதான், ஆனால் பிசகாது.

பட்டியலைச் சூத்திரத்துக்குள் திணிக்காதீர்கள். தனித் தாளில் தேதி, காரணம், மாநிலம் என மூன்று நெடுவரிசைகள் போதும். மாநில நெடுவரிசை அவசியம்: உழவர் திருநாளன்று சென்னைக் கிளை மூடியிருக்கும், டெல்லிக் கிளை வழக்கம்போல இயங்கும். ரம்ஜான் பிறையைப் பொறுத்து மாறும் என்பதால், அறிவிப்பு வந்ததும் அந்த வரியைத் திருத்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இன்னொன்று: தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையுமே இந்தச் சூத்திரங்கள் எண்ணும். திங்களன்று வந்த மனு செவ்வாயன்று முடிந்தால் விடை 2. உங்கள் அலுவலக வழக்கப்படி அது ஒரு நாள் என்றால் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.