அமெரிக்க டிரஸ்ட்டிலிருந்து வரும் பணத்துக்கு இந்தியாவில் வரி உண்டா?

“அமெரிக்காவில் காலமான என் பெரியப்பா ஏற்படுத்திய டிரஸ்ட்டில் நானும் ஒரு பயனாளி. நான் வசிப்பது கோவையில். அங்கேயே வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்புகிறார்கள். இங்கேயும் கட்ட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் கட்ட வேண்டியிருக்கும். கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்று கணக்கில் வந்தாலும், ரிட்டர்னில் சொல்லியே ஆக வேண்டும். என் தாய்மாமா நியூ ஜெர்சியில் வைத்திருந்த டிரஸ்ட்டிலிருந்து 2024 ஜனவரியில் எனக்கு முதல் தடவை பணம் வந்தது. அன்று எங்கள் ஆடிட்டர், “மாமா கொடுத்த பணம்தானே, உறவினர் பரிசுக்கு வரி கிடையாது” என்று சொல்லி, வழக்கம்போல ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டார். அது தவறு. மாமா உயிரோடு இருந்தவரை அது அவர் நினைத்தால் ரத்து செய்யக்கூடிய டிரஸ்ட்; அப்போது வருமானம் அவருடையது, வரியும் அவர் பாடு. அந்தக் காலத்தில் எனக்கு ஏதாவது அனுப்பியிருந்தால் அதைப் பரிசு என்று சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகு அதை யாரும் மாற்ற முடியாது. அதற்குப் பிறகு வருவது டிரஸ்ட்டின் பணம், மாமாவின் பரிசு அல்ல.

அதனால் முதலில் டிரஸ்ட் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வரி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. “வருட வருமானத்தை மூன்று பேருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும்” என்பதுபோல உங்கள் பங்கை உறுதியாக எழுதியிருந்தால், அந்த வருமானம் சேரும்போதே உங்களுடையது. பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவராமல் அங்கேயே விட்டு வைத்தாலும் வரி உண்டு. இங்கே வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் வரி என்பதுதான் சட்டம். மாறாக, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை டிரஸ்டியின், அதாவது டிரஸ்ட்டை நிர்வகிப்பவரின், விருப்பத்துக்கு விட்டிருந்தால், அவர் கொடுக்காத வரை உங்களிடம் இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே. கோண்டல் சமஸ்தானத்து மன்னர் குடும்பத்தின் வெளிநாட்டு டிரஸ்ட்டுகள் பற்றிய வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் தீர்ப்புச் சொன்னது: பிரித்துக் கொடுக்காத வருமானத்தைப் பயனாளியின் கணக்கில் ஏற்ற முடியாது.

அடுத்து, வந்த தொகையில் எவ்வளவு வருமானம், எவ்வளவு அசல் சொத்து என்று டிரஸ்டியிடம் எழுத்தில் வாங்குங்கள். பெரியப்பா விட்டுச்சென்ற சொத்தே பிரிந்து வந்தால் அது உங்கள் வருட வருமானம் ஆகாது. ஆனால் அதிகாரி கேள்வி எழுப்புவதும் வாதம் வருவதும் இங்கேதான். கையில் கணக்கு இல்லாவிட்டால் மொத்தத்தையும் வருமானம் என்று எடுத்துக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும்.

சரி, அங்கே பிடித்த வரி வீணா? இல்லை. டிரஸ்ட்டிலிருந்து உங்களுக்கு 4,000 டாலர் டிவிடெண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்கா 25%, அதாவது 1,000 டாலர் பிடிக்கலாம். நீங்கள் இங்கே 30% அடுக்கில் இருந்தால் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2%, அதாவது 1,248 டாலர். 1,000 போக 248 டாலருக்கு ஈடான ரூபாயைக் கட்டினால் போதும். 20% அடுக்கில் இருந்தால் செஸ் சேர்த்தும் இங்கே வரி 832 தான் ஆகிறது. அது முழுக்கக் கழிந்துவிடும், மீதி 168 திரும்பி வராது.

நான் பணம் இழந்தது வேறு ஓர் இடத்தில். டபிள்யூ-8பென் என்ற படிவத்தை டிரஸ்டிக்கு அனுப்பி, இந்தியாவில் வசிக்கிறேன், ஒப்பந்த விகிதம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் 30% பிடித்துவிட்டார். கூடுதலாகப் போன அந்த 5 சதவீதத்தை இந்தியா கழித்துத் தராது. ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் இங்கே கழிவு. மீதியை அமெரிக்காவில் தனியாக ரிட்டர்ன் போட்டுத்தான் கேட்க வேண்டும். டபிள்யூ-8பென் ஒரு பக்கப் படிவம்தான், முதல் தவணை வருவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

காலக் கணக்கும் குழப்பும். அவர்களுக்கு வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை, நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2024 ஜனவரியில் வந்த பணம் எனக்கு 2023-24 வருமானம். ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2024 ஜூலை 31. ஆனால் அங்கே வரி பிடித்ததற்கான 1042-எஸ் சான்று 2025 மார்ச்சில்தான் வரும். நல்லவேளையாக, கழிவு கேட்கும் படிவம் 67-ஐ மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின்) முடிவு வரை, அதாவது 2025 மார்ச் 31 வரை தரலாம். ரிட்டர்னை உரிய காலத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. டிரஸ்டியின் பட்டுவாடாக் கடிதத்தையும் வங்கி விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷெட்யூல் எஃப்ஏ. வெளிநாட்டுச் சொத்துகளைச் சொல்லும் இந்தப் பட்டியலில் டிரஸ்ட்டுக்கென்றே தனி அட்டவணை இருக்கிறது: நீங்கள் டிரஸ்டியா, பயனாளியா, ஏற்படுத்தியவரா என்று கேட்கும். ஐடிஆர்-1 இல் இந்தப் பட்டியலே கிடையாது; சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2 போட வேண்டும். இதில் விவரம் கேட்பது காலண்டர் வருடத்துக்கு, நிதியாண்டுக்கு அல்ல. மறைத்தால் 2015-ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வரி ஒரு ரூபாய்கூட பாக்கி இல்லாவிட்டாலும் விதிக்கலாம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. அதை நம்பி விட்டுவிடாதீர்கள்; டாலரில் இருக்கும் சொத்து 20 லட்சத்தைத் தாண்ட அதிக நாள் ஆகாது.

2024 நவம்பரில் வருமான வரித்துறை இந்த ஷெட்யூல் பற்றிப் பெரிய அளவில் விழிப்புணர்வுச் செய்தி அனுப்பியது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டு வரி தெரிந்த வேறு ஆடிட்டரிடம் போய், டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டு, வித்தியாச வரியையும் வட்டியையும் கட்டினேன்.

நீங்கள் சமீபத்தில்தான் ஊர் திரும்பியவர் என்றால் கதை வேறு. முந்தைய 10 வருடங்களில் 9 வருடம் இந்தியாவில் வசிக்காதவராக இருந்திருந்தால், அல்லது முந்தைய 7 வருடங்களில் இங்கே தங்கியது 729 நாளுக்குள் என்றால், அங்கே சேரும் வருமானத்துக்கு இங்கே வரியும் இல்லை, ஷெட்யூல் எஃப்ஏவும் இல்லை.

மேலே சொன்னதெல்லாம் 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025-ஆம் வருட வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது எந்த வருடத்து வருமானம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூடவே பத்திரத்தின் பிரதியையும் எடுத்துப் போங்கள்.