மீன் பெட்டி சைக்கிளில் பின்சக்கர ஹப் மட்டும் ஏன் போகிறது?

கேள்வி: அப்பா தினமும் மண்டபத்திலிருந்து உச்சிப்புளிப் பக்கம் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்கிறார். பின்சக்கரத்துக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கோனும் (குண்டுகளை ஒட்டி அச்சில் திருகும் கூம்பு நட்டு) குண்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. வாரம் தவறாமல் எண்ணெய் விடுகிறோம். முன்சக்கரத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. நாங்களே கிரீஸ் வைக்க முடியுமா? எந்த கிரீஸ் நல்லது?

பதில்: இரண்டு சக்கரமும் ஒரே ரோட்டில்தான் ஓடுகின்றன, ஒரே காற்றில்தான் நிற்கின்றன. வித்தியாசம் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பெட்டி. ஐஸ் உருகிய தண்ணீர் மீனின் உப்பையும் வழுவழுப்பையும் சேர்த்துக்கொண்டு கேரியர் வழியாகச் சொட்டி, நேராக ப்ரீவீல் (செயின் ஓடும் பின்சக்கரப் பல்சக்கரம்) மீதும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மீதும் விழுகிறது. சுமையும் பின்னால்தான், ஆனால் முதல் எதிரி இந்தத் தண்ணீர்.

இரண்டாவது எதிரி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வாரம் தவறாமல் விடும் எண்ணெய். ஹப்பில் கிரீஸுக்கு இரண்டு வேலை. குண்டு வழுக்கி ஓட வைப்பது ஒன்று. கோனுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்து வெளித் தண்ணீரைத் தடுப்பது மற்றொன்று. மெல்லிய எண்ணெய் உள்ளே போனதும் கிரீஸை இளக்கிக் கம்பிகள் வழியே வெளியே கொண்டுவந்துவிடும். பிறகு உப்புத் தண்ணீருக்குக் கதவு திறந்த மாதிரிதான். துருவை இளக்கும் ஸ்ப்ரேயை ஹப்பில் அடிப்பதும் இதே தப்பு.

நீங்களே தாராளமாகச் செய்யலாம். மெல்லிய கோன் ஸ்பேனர் ஒன்று கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்பேனரின் தடிமனுக்கு கோனைத் தனியாகப் பிடிக்க முடியாது, கோனைப் பூட்டும் லாக் நட்டும் சேர்ந்து திரும்பும். புதுக் குண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கனமான சாதாரண சைக்கிளில் பின்னால் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டு, முன்னால் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டு. எதற்கும் கழற்றும்போது எண்ணிப் பாருங்கள்; போன தடவை மாட்டியவர் ஒன்று குறைத்துப் போட்டிருக்கக்கூடும். பழைய குண்டோடு புதியதைக் கலக்க வேண்டாம். பழையது தேய்ந்து சிறுத்திருக்கும், சுமை முழுவதும் புதிய இரண்டு மூன்றின் மேல் விழும்.

சக்கரத்தைக் கழற்றி, கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ப்ரீவீல் பக்கத்து கோனைத் தொட வேண்டாம். அது அச்சோடு அப்படியே இருக்கட்டும். இடது பக்க லாக் நட், வாஷர், கோன் மூன்றையும் எடுத்துவிட்டு அச்சை ப்ரீவீல் பக்கமாக உருவினால் போதும். திரும்ப மாட்டும்போது அச்சு இரு பக்கமும் முன்போலவே நீட்டிக்கொண்டிருக்கும்.

துடைப்பதற்கு முன் வரும் கிரீஸைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் தேய்மானமும் தூசியும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. செங்காவி நிறமென்றால் துரு ஆரம்பித்தாயிற்று.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் ஈரம் இருந்தால் புது கிரீஸும் இளகிவிடும். இனி கோனை வெளிச்சத்தில் பிடித்து, பால்பாயின்ட் பேனா முனையால் குண்டு ஓடும் தடத்தை மெதுவாக ஒரு சுற்று வருடுங்கள். வழவழவென்று போனால் கோன் பிழைத்தது. அம்மைத் தழும்பு போன்ற குழிகளில் முனை தடுக்கினால் மாற்றியே ஆக வேண்டும். அந்தக் குழிகள் சமதூரத்தில் வரிசையாக இருந்தால், அவை ஓடும்போது வந்தவை அல்ல. சைக்கிள் இரவு முழுக்க நிற்கையில், ஒவ்வொரு குண்டும் அழுத்தி நின்ற இடத்தில் உப்புத் தண்ணீர் அரித்தவை. ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கப்பையும் அதே பேனாவால் பாருங்கள். கோன் மலிவு. கப் போனால் பெரும்பாலும் ஹப்பையே மாற்றிக் கம்பி பின்ன வேண்டிவரும்.

கிரீஸ் விஷயத்தில், டப்பாவில் மெரைன் என்றோ கால்சியம் என்றோ போட்டிருப்பதை எடுங்கள். விசைப்படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வண்டிகளுக்குப் போடும் சாதாரண லித்தியம் கிரீஸ் போதும், சீக்கிரம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சோடியம் கிரீஸ் வேண்டாம், தண்ணீர் பட்டால் கரையும். பழைய கிரீஸ் மேலேயே வேறு வகையை வைக்காதீர்கள். சில வகைகள் ஒத்துப்போகாமல் இளகி ஓடிவிடும்.

பக்கத்துக்கு ஒரு டீஸ்பூன் நிறைய வையுங்கள். கப்பில் பாதி வைத்து, குண்டுகளை அதில் பதித்து, மேலே மிச்சத்தை அப்ப வேண்டும். அச்சு முழுக்க ஒரு பூச்சு. கோனைத் திருகும்போது ஓரத்தில் கிரீஸ் பிதுங்கி வர வேண்டும், வரவில்லையென்றால் போதவில்லை. பிதுங்கியதை முழுக்க வழித்துவிடாமல் மெல்லிய வளையமாக விடுங்கள். அதுதான் உங்கள் அடைப்பு. ஹப்பின் நடுவில் எண்ணெய்த் துளை இருந்து மூடி தொலைந்திருந்தால், பழைய ட்யூப் துண்டை இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஹப்பைச் சுற்றிப் போடும் வண்ணப் பிரஷ் அழகுதான், ஆனால் உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். மீன் சைக்கிளுக்கு வேண்டாம்.

இறுக்கம்தான் கைப்பழக்கம் கேட்கும் இடம். கோனைக் கையால் குண்டு தொடும்வரை திருகி, கால் திருப்புக்கும் குறைவாகப் பின்வாங்குங்கள். கோனை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். அப்போது கோன் கொஞ்சம் உள்ளே போகும். விரலால் அச்சைச் சுழற்றினால் கரகரப்பு இருக்கக்கூடாது. சக்கரத்தை மாட்டி, செயின் போடும் முன் ரிம்மை இடம் வலம் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரியக்கூடாது. மெதுவாகச் சுற்றி விட்டால், வால்வு பக்கம் கீழே வந்து, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். புது கிரீஸில் முதல் நாள் சற்று மந்தமாக இருக்கலாம். இறுக்கமாக விட்டால் கோன் ஒரு வாரத்தில் கீறிவிடும்.

ப்ரீவீலுக்குள் மட்டும் கிரீஸ் போகக் கூடாது. உள்ளே பல்லைப் பிடிக்கும் சிறு நாக்குகள் ஒட்டிக்கொண்டால் மிதித்தாலும் சக்கரம் சுற்றாது. அதற்கு மண்ணெண்ணெய்க் கழுவலும் சில சொட்டு எஞ்சின் ஆயிலும்தான்.

இத்தனையும் செய்து பெட்டியை அப்படியே விட்டால் பயனில்லை. பெட்டியின் வடிகால் துளையில் முழ நீள ட்யூப் செருகி, தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி கட்டுங்கள். இரவு ஹப் மீது ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். பைக் சர்வீஸ் கடையில் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம், அது சந்து வழியே உள்ளே புகும். பின்சக்கரத்துக்கு மூன்று மாதம், முன்சக்கரத்துக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் வாடை பாக் நீரிணை உப்பைக் கொண்டுவரும், கச்சான் (தென்மேற்குக் காற்று) மன்னார் வளைகுடா உப்பைக் கொண்டுவரும். அதனால் வாடை தொடங்கும் முன், புரட்டாசியில் ஒரு தடவை கட்டாயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். மீன் வரத்து குறைந்து சைக்கிள் சும்மா நிற்கும் என்றால், நிறுத்தும் முன்பே கிரீஸ் மாற்றிவிடுங்கள், திரும்ப எடுக்கும்போது அல்ல. வாரம் ஒருமுறை சக்கரத்தை நாலு சுற்று சுற்றி வையுங்கள், குண்டுகள் ஒரே இடத்தில் நிற்காது.